வாளியில் நின்ற மருது

ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம் ஐந்தாம் திகதி பல்கலைக்கழக வளாகத்தில் நடுகிற மரக்கன்றுகளை, ஆறாம் திகதி காலையிலேயே மீனம்மா பிடுங்கிவிடுவாள். ஒன்றிரண்டு அல்ல, அறுபதையும். ஐந்து வருடம் இந்த வேலையைக் காதும் காதும் வைத்த மாதிரிச் செய்தாள். நட்ட மரமெல்லாம் எப்படித் தழைக்கிறது பாருங்கள் என்று அந்த ஐந்து வருடமும் மேடையேறிப் பெருமை பேசியவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒருமுறை ஆனி மாதத்தில் வவுனியாவுக்கு வந்து பார்க்க வேண்டும். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். குளத்துத் தண்ணீர் நாளுக்கு நாள் உள்ளே போகும். மழை என்றால் இனி ஐப்பசியில்தான். அந்த நேரம் பார்த்து ஜூன் ஐந்து, உலகச் சுற்றாடல் தினம் என்று பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வெள்ளைச் சட்டைப் பெரியவர்கள் வரிசையில் நின்று கன்று நடுவார்கள். அதில் பாதிப்பேர் கன்றின் பொலித்தீன் பையைக் கூடக் கிழிக்காமல் குழிக்குள் வைத்து, ஒரு கைப்பிடி மண் போட்டு, படத்துக்குச் சிரித்துவிட்டுப் போவார்கள். படம் எடுத்து முடிந்தால் கன்றின் பாடு கன்றோடு.

மீனம்மா அந்த வளாகத்தில் நாட்கூலிக்கு நின்றவள். கூட்டுவது, குப்பை அள்ளுவது, பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. பிறந்தது மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயம் எரிந்தபோது பதினொரு வயது. தாய் தகப்பனோடு லொறியேறி வவுனியாவுக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டுக் குடியிருந்தவர்களில் அவள் குடும்பமும் ஒன்று. வந்த மறுவருடம் தகப்பன் செய்த வேலையை அவள் மறக்கவில்லை. தோட்டத்தில் ஆனி என்றால் அடைமழை. அந்தப் பழக்கத்தில் மனுசன் ஆனி பிறந்ததும் வளவு முழுக்கப் பலாக்கன்றும் எலுமிச்சையும் நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆடி போனது, ஆவணி போனது, கன்று ஒன்றும் மிஞ்சவில்லை. கருகின கன்றுகளை அடுப்புக்குப் பொறுக்கிப் போட்டவள் மீனம்மாதான்.

ஆகவே 2003ஆம் ஆண்டில் வளாகத்தில் 'ஆளுக்கொரு மரம்' என்று ஒரு திட்டம் தொடங்கியபோது அதன் முடிவு அவளுக்கு முதல்நாளே தெரிந்தது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கும் விழாவுக்கு வருகிற பெரியவர்களுக்குமாக, ஆளுக்கொரு கன்று, மொத்தம் அறுபது. கன்றுக்குப் பக்கத்தில் அவரவர் பெயர் எழுதின தகரத் துண்டு. திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் விஜிதரன் சேர். நல்ல மனுசன். மரங்களைப் பற்றி அவர் படிக்காத புத்தகம் இல்லை, வவுனியா வெயிலைத்தான் படிக்காமல் விட்டுவிட்டார். ஒரே ஒரு குழாயும் இரண்டு வாளியுமாக மீனம்மா அறுபது கன்றுக்கும் தண்ணீர் சுமந்தாள். ஆவணியில் கிணறு கீழே போனது. நாலு கன்று தப்பியது, மற்றதெல்லாம் சுள்ளி. இவள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று மேற்பார்வையாளர் அப்புத்துரை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அடுத்த வருடம் பந்தல் போடுவதற்கு முதலே அவள் விஜிதரன் சேரிடம் போய், ஐப்பசி மழையோடு நட்டால் என்ன என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். உலகம் முழுக்க அன்றைக்குத்தான் நடுகிறார்கள், நாங்கள் மட்டும் நாளை மாற்ற ஏலுமா என்று தன்மையாகத்தான் கேட்டார். உலகம் முழுக்க ஆனியில் மழை பெய்கிறது போல என்று மீனம்மா நினைத்துக்கொண்டாள். விழா நடந்தது, படம் எடுத்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு போனவள், ஒவ்வொரு கன்றாக மண்ணோடு கிளப்பிக் கடகத்தில் வைத்துத் தண்ணீர் பம்பு அறைக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே பழைய கிடுகால் ஒரு பந்தல் போட்டு, நட்ட வரிசை மாறாமல் அறுபதையும் நிழலில் அடுக்கினாள். பையைக் கிழிக்காமல் நட்ட பெரியவர்களின் கன்றுகள் அவளுக்கு வேலையைப் பாதியாகக் குறைத்துத் தந்தன. அந்த வகையில் பெரியவர்களால் உபகாரம்தான்.

குழிகள் வெறுமையாகக் கிடந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்களே. அதற்கும் வழி வைத்திருந்தாள். பெயர்த் தகரங்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மாடு கடிக்காமல் இருக்கவென்று ஒவ்வொரு குழியைச் சுற்றியும் முள்ளுக் கொப்பு குத்தி நெருக்கமாக அடைத்தாள். எட்டத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஒரு கன்று பத்திரமாக வளர்வது போலவே இருக்கும். கிட்டப் போய்ப் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஐப்பசியில் முதல் மழை இறங்கி நிலம் ஊறினதும், மூன்று நாளில் அத்தனை கன்றையும் அதனதன் குழியில் இறக்கினாள். முள்ளை எடுத்தபோது பச்சைப் பசேலென்று அறுபது கன்றும் நின்றன. எல்லாம் முள்ளு வேலியின் மகிமை என்று விஜிதரன் சேர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவள் வீட்டுக்காரன் சுடலைமுத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். இந்தக் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பிடிபட்டால் வேலை போய்விடும் என்பதையும் சொல்லி வைத்தான். அது மீனம்மாவுக்கும் தெரியும். நிரந்தரமாக்குகிற கடிதம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று கந்தோரில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அவளைக் கையும் மெய்யுமாகப் பிடித்தது அப்புத்துரை அல்ல. 2006ஆம் ஆண்டு ஆனியில், விழா முடிந்து நாலாம் நாள், ஒல்லியான ஒரு பெட்டை குடிக்கிற தண்ணீர்ப் போத்தலோடு முள்ளு வேலிக்குள் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் நிசாந்தினி. புதுக்குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற முதலாம் வருடப் பிள்ளை. தான் நட்ட மருதங்கன்றுக்குத் தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே வெறுங்குழி.

"அக்கா, என்ர மரக்கண்டை மாடு திண்டிட்டுது போல," என்றாள். அழப்போகிற முகம்.

ஓம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மூன்று வருடத்தில் தன் மரத்தைத் தேடி வந்த முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். அவளிடம் பொய் சொல்ல மீனம்மாவுக்கு வாய் வரவில்லை. வா என்று கையைப் பிடித்துப் பம்பு அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். கிடுகுப் பந்தலுக்குக் கீழே அறுபது கன்றும் வரிசையில் நிற்பதைக் கண்ட நிசாந்தினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் சிரிக்கத் தொடங்கினாள். அப்படியொரு சிரிப்பு. நின்று சிரிக்க முடியாமல் நிலத்தில் குந்தியிருந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள்.

"அப்ப அந்தப் பெரியாக்கள் நட்டதும் இஞ்சதானோ?"

"எல்லாரு நட்டதும் இங்கதான் புள்ள. யார்கிட்டயும் சொல்லிறாத."

அவள் சொல்லவில்லை. அதன்பிறகு பின்னேரங்களில் வகுப்பு முடிந்து வந்து, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே வாய் ஓயாமல் கதைப்பாள். தாய் அமராவதி புதுக்குடியிருப்பில் தையல் மெசின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற கதை, பதினாலு வயதுத் தம்பி தன்னை விட உயரமாகிவிட்ட கதை. மீனம்மாவின் மலைநாட்டுப் பேச்சை அப்படியே பேசிக்காட்டிப் பகிடி பண்ணுவாள். வேறு யாரும் பண்ணினால் மீனம்மாவுக்கு முகம் சிவந்திருக்கும். இவள் பண்ணும்போது நல்லாயிருந்தது. இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை வராத பின்னேரம் மீனம்மாவுக்கு வெறுமையாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஆவணி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற நாளன்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டே நிசாந்தினி பம்பு அறைக்கு ஓடி வந்தாள். தன் மருதங்கன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"மழைக்கு முதல் வந்திடுவன் மீனம்மாக்கா. மற்றதெல்லாத்தையும் நீங்கள் நடுங்கோ. இதை மட்டும் நடக்கூடாது. நான் வந்துதான் நடுவன்."

"சரி புள்ள. நீ வந்தே நடு," என்றாள் மீனம்மா.

பிள்ளை போய் ஒரு கிழமை ஆகவில்லை, சண்டை தொடங்கி, பாதை பூட்டுப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அங்கால் இருந்தவர்கள் அங்காலேயே நின்றார்கள், இங்கால் இருந்தவர்கள் இங்காலேயே. அதுதான் அந்தக் காலத்து வழக்கமாகப் போயிற்று. ஐப்பசி மழை வந்தது. மீனம்மா ஐம்பத்தொன்பது கன்றையும் நட்டாள். அறுபதாவதைத் தூக்கி, குழி வரைக்கும் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்து நிழலில் வைத்தாள். அந்தக் குழியை யாரும் வேறு மரத்துக்கு எடுத்துத் தகரத்தை எறிந்துவிடுவார்களோ என்று நிசாந்தினியின் பெயர்த் தகரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அலுமாரியில் தன் அடையாள அட்டையோடு வைத்தாள்.

தை மாதம், அங்காலிருந்து வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து வந்த ஒரு பிள்ளை சேதி கொண்டுவந்தாள். நிசாந்தினி சுகமாக இருக்கிறாளாம், பாஸ் கிடைக்கவில்லையாம், மரத்தை நட்டுப் போடவேண்டாம் என்று மீனம்மாக்காவிடம் சொல்லச் சொன்னாளாம். மீனம்மா அந்தச் சேதியை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

மரத்துக்குச் சண்டையும் தெரியாது, பாஸும் தெரியாது. அது வளர்ந்தது. பையைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்தபோது, புதுக் கட்டடத்துக்குப் பெயின்ற் அடித்தவர்கள் எறிந்துவிட்டுப் போன பெரிய பிளாஸ்ரிக் பெயின்ற் வாளி ஒன்றைத் தேய்த்துக் கழுவி எடுத்தாள். கம்பியைக் காய்ச்சி அடியில் நாலு ஓட்டை போட்டு, குளத்து மண்ணும் மாட்டெருவும் நிரப்பி, மருதை அதற்குள் மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அன்றைக்கும் அதற்குத் தண்ணீர் வேண்டுமே. ஆகவே பந்தலுக்குள்ளேயே, எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கிற பம்பு அறைக் குழாயடியில் வாளியை இழுத்து வைத்தாள்.

2007ஆம் ஆண்டும் போனது. அந்த வருட அறுபதையும் ஆனியில் பிடுங்கி ஐப்பசியில் நட்டாள். வாளியை நடவில்லை. சுடலைமுத்து ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தான், மருது என்பது குளக்கட்டில் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பருக்கிற சாதி, அதை வாளிக்குள் வைத்து எத்தனை நாளைக்கு வளர்க்கப் போகிறாய் என்று. அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். வாளிக்குள் வேர் சுற்றிச் சுற்றி நெரிபட்டால் மரம் மெல்ல மெல்லச் செத்துவிடும். ஆனால் நட்டுவிட்டால் அந்தப் பிள்ளை இனி வரமாட்டாள் என்று தானே தீர்த்துவிட்ட மாதிரி. அந்தத் தீர்ப்பை எழுத அவளுக்குக் கை எழவில்லை. பெற்ற மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மாதம் ஒருமுறை பேசுகிறான், அவனைப் பற்றிப் பயமில்லை. யாரோ பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் பயம்.

2008 ஐப்பசியில் கிளிநொச்சிப் பக்கம் விழுகிற ஷெல்லைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. புதுக்குடியிருப்புக்குச் சனம் குவிகிறது என்றார்கள். மருதின் இலையில் மஞ்சள் கண்டிருந்தது. மழைத் தூறலில் நனைந்துகொண்டு மீனம்மா வாளிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றாள். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிசாந்தினியின் குழியை வெட்டித் துப்புரவாக்கினாள். வந்து வாளியைத் தூக்கினாள்.

வாளி வரவில்லை.

சேற்றில் புதைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி பலமாக இழுத்தாள். அசையவே இல்லை. குந்தியிருந்து வாளியின் அடியைக் கையால் தோண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவள் போட்ட நாலு ஓட்டை வழியாகவும் வேர் இறங்கி, சொட்டுத் தண்ணீரைத் தேடி மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு வேர் அவள் பெருவிரல் மொத்தம். மரம் யாரையும் கேட்காமல் தன்னைத் தானே நட்டுக்கொண்டது.

மீனம்மா அந்தச் சேற்றிலேயே இருந்து அழுதாள். சிரிப்பும் வந்தது. தான் நடவில்லை, வாக்கு அப்படியே இருக்கிறது, மரமும் சாகாது. வேரை வெட்டி எடுத்தால்தான் குழிக்குக் கொண்டுபோகலாம். வெட்டினால் பிழைக்குமோ தெரியாது. விட்டுவிட்டாள். வெட்டின குழியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுடலைமுத்துவிடம் சொன்னபோது, உன்னையும் அந்தப் பிள்ளையையும் விட அந்த மரத்துக்கு மூளை இருக்கிறது என்றான். அன்றைக்கு அவனுக்குத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாள்.

அடுத்த வருடம் வைகாசியில் சண்டை முடிந்தது. செட்டிகுளத்துப் பக்கம் முகாம்களில், முட்கம்பிக்குள் இலட்சக் கணக்கில் சனம் என்றார்கள். மீனம்மா ஒருநாள் பஸ் ஏறிப் போனாள். கம்பிக்கு இங்கால் நின்றவர்கள் எல்லாரும் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கையில் இருந்தது ஒரு பெயரும் ஓர் ஊரும் மட்டும். அதற்குள் எத்தனை நிசாந்தினி, எத்தனை புதுக்குடியிருப்பு. நீ அந்தப் பிள்ளைக்கு என்ன முறை என்று யாரும் கேட்டால் சொல்லவும் அவளிடம் ஒன்றும் இல்லை. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த ஆனியில் விழா கொண்டாடுகிற மனம் வளாகத்தில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் மேலிடத்துச் சுற்றுநிருபத்துக்கு மனம் கினம் ஒன்றும் கிடையாது. சுற்றாடல் தினத்தைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டது. பந்தல் வேண்டாம், பிளாஸ்ரிக் பொறுக்குகிற சிரமதானம் மட்டும் செய்வோம், கன்றுகளை மறுநாள் நடலாம் என்று விஜிதரன் சேர் முடிவெடுத்தார். பிள்ளைகள் சாக்குப் பையோடு வளாகம் முழுக்கப் போத்தலும் பையும் பொறுக்கினார்கள். பொறுக்கிப் பொறுக்கிப் பம்பு அறைக்குப் பின்னாலும் வந்துவிட்டார்கள். கிடுகுப் பந்தலும், உடைந்த வாளிகளும், நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மருது நிற்கிற பெயின்ற் வாளியும் அவர்கள் கண்ணில் பட்டன.

எல்லாப் பிளாஸ்ரிக்கையும் எடுங்கோ என்று அப்புத்துரை உத்தரவு போட்டார். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையைச் சேர்ந்த ஒரு மாணவன் பெயின்ற் வாளியை இழுத்துப் பார்த்தான். வரவில்லை என்றதும் இரும்பு அலவாங்கு எடுத்து வந்து வாளிக்கடியில் கொடுத்து நெம்பினான். அந்தச் சத்தத்துக்கு மீனம்மா எங்கிருந்தோ ஓடி வந்தாள். விளக்குமாற்றை எறிந்துவிட்டு, வாளியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இதத் தொடாதீங்க. என்னைய வேலையை விட்டு நிப்பாட்டினாலும் பரவால்ல. இதத் தொடாதீங்க."

கூட்டம் கூடிவிட்டது. விஜிதரன் சேர் வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மீனம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆறாம் திகதி பிடுங்குவதை, ஐப்பசியில் நடுவதை, முள்ளு வேலிக்குள் ஒன்றும் இல்லாததை. சேரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முள்ளு வேலியின் மகிமையை அவர் எத்தனை மேடையில் பேசியிருக்கிறார். தெருவோரமாக வரிசையில் நிற்கிற, அவர் தலைக்கு மேலே வளர்ந்துவிட்ட மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவும் நீங்கள் ரெண்டாந்தரம் நட்டதோ?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"அப்ப இதை ஏன் நடேல்லை?"

மீனம்மா வாளியைக் கட்டின கையை எடுக்காமலே சொன்னாள். "இது நிசாந்தினிங்கிற புள்ளையோடது. புதுக்குடியிருப்பு. ரெண்டாயிரத்தி ஆறுல லீவுக்குப் போனிச்சு. வந்து நடுறேன்னு சொல்லிட்டுப் போனிச்சு."

அங்கே நின்ற பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கம்பிக்குள் ஆள் இருந்தது, சிலருக்கு அதுவும் இல்லை. முரசுமோட்டை மாணவன் அலவாங்கை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புத்துரை அந்த அலவாங்கை எடுத்துச் சுவரோரம் வைத்தார். அந்த வாளி இருக்கட்டும் என்றார் விஜிதரன் சேர். பிறகு, அந்த வருடக் கன்றுகள் அறுபதையும் குழிக்குக் கொண்டுபோக வேண்டாம், நேரே மீனம்மாவின் பந்தலுக்குக் கீழே கொண்டுவந்து அடுக்குங்கள் என்றார். பிள்ளைகள் வரிசையாக நின்று அடுக்கினார்கள். சுற்றுநிருபத்துக்கு அனுப்பின படமும் அங்கேதான் எடுத்தது. படத்தில் ஓர் ஓரமாக மீனம்மாவும் நிற்கிறாள், கண் வீங்கி, விளக்குமாறு எங்கே விழுந்தது என்று தேடிக்கொண்டு. அவளை யாரும் நிப்பாட்டவில்லை.

கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாத மழை சற்றே ஓய்ந்த ஒரு முற்பகல். மீனம்மா பம்பு அறை வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"மீனம்மாக்கா."

திரும்பினாள். யாரோ கொடுத்த பெரிய சட்டை ஒன்று போட்டுக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை. பின்னல் இல்லை, முடி காது வரைக்கும்தான். குரல் மட்டும்தான் பழைய குரல். மீனம்மா ஈரக் கையோடு போய் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் வவுனியாவில் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை, சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். முகாமிலிருந்து படிக்கிற பிள்ளைகளை விடுகிறார்கள் என்றாள் நிசாந்தினி. அம்மா இன்னும் உள்ளே என்றாள். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீனம்மாவுக்கு விளங்கியது.

பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "என்ர கண்டை எங்க நட்டனீங்கள்?"

"நான் நடலையே புள்ள. நீதானே நடுறேன்னு சொன்ன."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், மூன்று வருடத்துக்கு முன் கூட்டிக்கொண்டு போன மாதிரியே. கிடுகுப் பந்தலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு மருது வெளியே நின்றது. நிசாந்தினி அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள், குனிந்து வாளியைப் பார்த்தாள், மறுபடி மரத்தைப் பார்த்தாள்.

"மூண்டு வருசமா வாளிக்க வச்சிருந்தனீங்களோ?"

"நட்டுட்டா நீ வரமாட்டன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

பிள்ளை வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதாள். முகாமில் அழாத அழுகையெல்லாம் அதற்குள் இருந்தது. மீனம்மா பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழட்டும் என்று விட்டாள்.

அழுது முடிந்து, மூக்கைத் துடைத்துவிட்டு, நிசாந்தினி எழும்பி வாளியைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. மீனம்மா வேர் இறங்கின கதையைச் சொன்னாள்.

"அப்ப நான் என்னத்தை நடுறது?"

மீனம்மா பம்பு அறைக்குள் போய் இரும்பு அறுக்கிற வாள் அலகு ஒன்றை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். "அது எறங்கிருச்சு. வாளியைத்தான் எடுக்கணும். அறு."

இரண்டு பேரும் மாறி மாறி அறுத்தார்கள். சுத்திவர அறுத்து வாளியைப் பிரித்து எடுத்தபோது, உள்ளே மண் வாளியின் வடிவத்திலேயே நின்றது. வேர் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தது. அடித்தட்டை எடுக்க முடியவில்லை, வேர் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அது கிடக்கட்டும், பிளாஸ்ரிக் பொறுக்க வருகிறவர்கள் அடுத்த வருடம் தேடட்டும் என்றாள் மீனம்மா. நிசாந்தினி கையால் மண் அள்ளி அள்ளி அதைச் சுற்றி அணைத்தாள். ஒரு கடகம் மண் போட்டாள், போதும் என்று சொன்னபிறகும் போட்டாள். மறுநாள் அலுமாரியிலிருந்து தகரத்தைக் கொண்டுவருவதாக மீனம்மா சொன்னாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தகரத்தோடு வந்தாள். நட்ட மறுநாள் என்றால் கையில் மண்வெட்டி எடுப்பது ஐந்து வருடப் பழக்கம். அன்றைக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டுதான் வந்தாள். மருதுக்குப் பக்கத்தில் நிசாந்தினி முன்னமே வந்து நின்றாள், கையில் தண்ணீர்ப் போத்தலோடு.

"என்னா புள்ள, மழை பெஞ்சு கெடக்கு, தண்ணி எதுக்கு?"

நிசாந்தினி மண்வெட்டியைப் பார்த்தாள். "தண்ணி விட வரேல்லை. விடிஞ்சதும் பிடுங்கிப் போடுவியளோ எண்டு பாக்க வந்தனான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிலத்தில் குந்தியிருந்து சிரித்த அந்தச் சிரிப்பு அல்ல, சின்னச் சிரிப்பு, பாதியில் நின்றும் போனது. மீனம்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தகரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.